கண்ணாடிக் குடுவையும் காவிரித் தண்ணீரும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் புது வீடு கட்டி வருகிறோம். மாநகராட்சி வழங்கும் மேட்டூர் தண்ணீர் சம்ப்பில் விழுகிறது. மற்றத் தேவைகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றப் போகிறோம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டியைச் சமையலறைச் சுவரில் மாட்ட எனக்கு விருப்பமில்லை. தேக்குச் சட்டத்துக்குள் கண்ணாடி போன்ற குடுவைகள் வரிசையாகத் தெரிய, செம்புக் குழாயில் தண்ணீர் வரும்படி நானே ஓர் அமைப்பை வடிவமைக்க விரும்புகிறேன். விலை கேட்ட இடத்தில் வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. போடச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: தண்ணீர்ப் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள், தச்சரிடம் பிறகு போகலாம். உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே தண்ணீர் அன்று. மேட்டூரிலிருந்து வருவது ஆற்று நீர். சுத்திகரித்துக் குளோரின் கலந்து அனுப்பப்படுவது. கிணற்று நீரோ பல நூறு அடி ஆழத்தில் பாறை வெடிப்புகளில் தங்கி, அந்தப் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருவது. நகரின் வடக்கே சேர்வராயன் மலையடிவாரத்தில் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் வெட்டும் பூமி இது என்பதால், இப்பகுதியின் உப்புத் தண்ணீரில் கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்தே கடினத்தன்மையைக் கூட்டுவதில் வியப்பில்லை. பக்கத்து வீட்டு அறிக்கையை வாங்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பாறை வெடிப்பு மாறினால் நீரும் மாறும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி இரு நீரையும் தனித்தனியே பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் கழுவிக் கவிழ்த்த பாட்டில் உதவாது. அறிக்கை வந்ததும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-ஐப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மைக்கு இந்த இரு எல்லைகளும் 200, 600, ஃப்ளூரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. கையடக்க டி.டி.எஸ். மீட்டரை நீரில் அமிழ்த்திக் காட்டி வியாபாரம் பேசுபவர் வந்தால், அந்தக் கருவி கிருமியையோ ஃப்ளூரைடையோ காட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. (நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கும் கருவி) என்ற யோசனையை ஒரு கணக்கிலேயே ஒதுக்கிவிடலாம். சாதாரண வீட்டு ஆர்.ஓ. உள்ளே போகும் நீரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத்தான் நல்ல தண்ணீராகத் தரும். நாளொன்றுக்கு 600 லிட்டர் புழங்கும் வீட்டுக்கு அந்த அளவில் ஆர்.ஓ. நீர் வேண்டுமென்றால் 2000 லிட்டர் இறைத்து, 1400 லிட்டரைச் சாக்கடையில் விட வேண்டும். கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் ஊரில் இப்படிச் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதையும் கருத்தில் கொள்ளுங்கள். பரிசோதனையில் மேட்டூர் நீர் அந்த எல்லைக்குள் இருந்தால், குடிக்க அதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆர்.ஓ. இல்லாமலே உங்கள் அமைப்பை முடித்துவிடலாம்.

ஆகவே சுவர் பூசுவதற்கு முன்பே குழாய்களை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். தோட்டத்துக்கும் கழிவறைத் தொட்டிக்கும் கிணற்று நீர் அப்படியே போகட்டும். குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், கீசர் ஆகியவற்றுக்குக் கிணற்று நீர், கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வழியாக வரட்டும். சமையலறைக்கு மேட்டூர் நீர் மட்டும் தனித் தொட்டியிலிருந்து வரட்டும். பூச்சு வேலை முடிந்த பிறகு இந்தப் பிரிவினையைச் செய்வது டைல்ஸை உடைக்கும் வேலையாகிவிடும்.

இனி உங்கள் கண்ணாடிக் குடுவைகள். கடைகளில் கிடைக்கும் 10 அங்குல ஒளிபுகும் ஹவுசிங்குகள், அதாவது வடிகட்டும் திரியை உள்ளே வைக்கும் குடுவைகள், பார்க்க அழகானவைதாம். ஆனால் வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும், அதிலும் குளோரின் நீங்கிய பின்னர் நீர் நிற்கும் குடுவையில் விரைவில் பிடிக்கும். வண்டலைப் பிடிக்கும் முதல் குடுவை மட்டும் ஒளிபுகும் வகையாக இருக்கட்டும். 5 மைக்ரான் வெள்ளைத் திரி செம்மண் நிறமாக மாறுவதைக் கண்ணால் பார்த்து மாற்ற அது உண்மையிலேயே பயன்படும். அதையும் சன்னல் வெயில் படாத சுவரில், திறந்து மூடும் தேக்குக் கதவுக்குப் பின்னால் வையுங்கள். அடுத்துள்ள கார்பன் குடுவையும் அதற்கடுத்த நுண்வடிகட்டியும் ஒளிபுகாத வெள்ளை அல்லது எஃகு உறையில் இருக்கட்டும். கார்பன் குளோரினை உறிஞ்சிவிடுவதால் அதற்குப் பின்னால் வரும் நீருக்குக் கிருமியிடமிருந்து பாதுகாப்பில்லை, எனவே புற ஊதாக் கதிரால் கிருமி கொல்லும் யு.வி. விளக்கு வரிசையில் கடைசியாக, குழாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வர வேண்டும். அந்த விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கிருமி கொல்லும் திறன் குறைந்துகொண்டு வரும் என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றிவிட வேண்டும்.

செம்புக் குழாய் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பின்னாளில் ஆர்.ஓ. சேர்க்க நேர்ந்தால், உப்புக் குறைந்த அந்த நீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும். நீர் தொடும் இடமெல்லாம் 304 தர எஃகாக இருக்கட்டும். செம்பு நிற மேற்பூச்சு வெளியில் மட்டும் இருக்கலாம்.

சட்டம் செய்யும் தச்சரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: குடுவைக்குக் கீழே, அதைக் கழற்றி இறக்கித் திரியை உருவும் அளவுக்கு இடம் வேண்டும், ஸ்பேனர் திரும்பப் பக்கவாட்டிலும் இடம் வேண்டும். அழகாகச் செய்யப்பட்ட பல அலமாரிகள் இங்கேதான் தோற்கின்றன. குடுவையைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் எடுத்துச் சுற்றிலும் மெல்லிய படலமாகத் தடவி, பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வைத்து, கையாலேயே இறுக்கிய பின் ஸ்பேனரால் சிறிதளவு மட்டும் திருப்புங்கள். வெறியோடு இறுக்கினால் ஹவுசிங்கில் கீறல் விழும். முதல் இரவு ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு டிஷ்யூ தாளை விரித்து வையுங்கள். காலையில் எந்தத் தாளில் ஈர வட்டம் இருக்கிறதோ அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி போடுங்கள். வரிசையின் தொடக்கத்தில் ஒரு வால்வும், தரையில் வடிகாலும் அவசியம். திரி அடைபட்ட அன்று விருந்தினர் வந்து நின்றால் கைகொடுக்க, வடிகட்டிகளைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு பைபாஸ் குழாயும் இருக்கட்டும். அவ்வழி வரும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும்.

கேள்வி: பெரும் பணம் செலவழித்துச் சாஃப்ட்னர் பொருத்தினோம். உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் டி.டி.எஸ். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டுகிறது. சில நாள் வெளியே வருவது கூடுதலாகக்கூட இருக்கிறது. ஏமாற்றப்பட்டோமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: இல்லை. சாஃப்ட்னர் உப்பை நீக்கும் கருவி அன்று. ஓர் உப்பைக் கொடுத்து வேறோர் உப்பை வாங்கும் கருவி. உள்ளிருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. 40 மில்லிகிராம் கால்சியத்துக்கு ஈடாக 46 மில்லிகிராம் சோடியம் வெளிவரும். மெக்னீசியமாக இருந்தால் 24 மில்லிகிராமுக்கே அதே 46 வரும். ஆகவே எண் குறையாதது மட்டுமன்றிச் சற்றுக் கூடுவதும் இயல்பே. கருவி வேலை செய்கிறதா என்று அறிய மீட்டரை ஒதுக்கிவிட்டு, சொட்டு மருந்து விட்டு நிறமாற்றம் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டியை வாங்குங்கள். சோப்பு நன்றாக நுரைப்பதும், குழாய் முனையில் புதிதாக வெள்ளைப் படிவு சேராததும் அடுத்த சாட்சிகள்.

உங்கள் ரெசின் அளவு வீட்டுக்குப் போதுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையை ஏற்கும். 25 லிட்டர் ரெசினுக்கு 1250 கிராம். உங்கள் நீரின் கடினத்தன்மை 600 என்றால், லிட்டருக்கு 0.6 கிராம் வீதம் சுமார் 2000 லிட்டர் போனதும் ரெசின் நிறைந்துவிடும். நாளுக்கு 600 லிட்டர் புழங்கினால் மூன்று நாளைக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு கிலோ உப்பு செலவாகும். விற்பவர் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புதுப்பித்த பின் வெளியேறும் உப்பு நீரைத் தென்னை மரத்தடியில் விடாதீர்கள். சோடியம் மண்ணை இறுக்கிக் கெடுக்கும். குடிக்கவும் சமைக்கவும் சாஃப்ட்னரிலிருந்து வரும் நீர் வேண்டாம், அதிலும் இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சாஃப்ட்னரைப் பொருத்தியிருந்தால் அழுத்தம் போதாது. தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. சம்ப்பிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் மோட்டார்க் குழாயில், மோட்டாரின் வேகத்துக்குத் தக்க கருவியாகப் பார்த்துப் பொருத்துவதே முறை.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. மேலே பாறை இடுக்கில் ஊறும் நீரை ஹோஸ் குழாயில் கொண்டு வருகிறோம். பளிங்கு போல இருக்கும்; மழைக்காலத்தில் மட்டும் கலங்கும். சேலத்திலுள்ள உறவினர்கள் ஆர்.ஓ. வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். மின்வெட்டும் உண்டு. வீட்டின் பழைய கருங்கல் சுவருக்குப் பொருத்தமாக என்ன செய்யலாம்?
– வாசகி, ஏற்காடு

பதில்: உறவினரின் அன்பை ஏற்றுக்கொண்டு கருவியை மறுத்துவிடுங்கள். மலை ஊற்று நீரில் பொதுவாக உப்பு குறைவு, ஆர்.ஓ.வுக்கு அங்கே வேலையில்லை. கவலைப்பட வேண்டியது கிருமியும் கலங்கலும்தான். ஊற்றுக்கு மேற்புறம் கழிவறைக் குழியோ மாட்டுக்கொட்டிலோ காபிப் பழம் அரைத்த கழிவு நீர் ஓடும் வாய்க்காலோ இருக்கிறதா என்று நடந்து பார்த்து வாருங்கள். ஊற்று வாயைச் சுற்றிச் சிறு கல் தொட்டி கட்டி, குரங்கு கை விடாதபடி மூடி போட்டு, மேலிருந்து வழியும் மழைநீர் விலகிப் போக வாய்க்கால் வெட்டினாலே பாதிக் கலங்கல் நின்றுவிடும்.

அடுத்ததாக, உங்கள் கருங்கல் சுவருக்கு மெதுவாக வடிக்கும் மணல் தொட்டியைப் போலப் பொருந்துவது வேறில்லை. அடியில் சரளை, அதன்மேல் 2 முதல் 3 அடி வரை கழுவிச் சலித்த நுண்மணல், அதன்மேல் எப்போதும் நிற்கும் நீர்: இவ்வளவுதான் அமைப்பு. மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் உருவாகும் உயிர்ப்படலமே கிருமிகளைப் பிடிக்கிறது; ஆகவே நீரோட்டம் நிற்கக் கூடாது, மணல் காயக் கூடாது. மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் இறங்கினால் ஒரு சதுர மீட்டர்த் தொட்டி மணிக்கு 100 லிட்டர் தரும். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். நீர் இறங்குவது மிகவும் தாமதமானால் மேல் மணலை ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் வழித்தெடுத்தால் போதும். மின்சாரமே வேண்டாம். மழைக்கால வண்டல் மணலை அடைத்துவிடாமலிருக்க அதற்கு முன்னால் ஒரு தெளிவுத் தொட்டி வையுங்கள்.

குடிக்கும் நீரை அதற்குப் பின்னரும் கொதிக்க வையுங்கள். ஏற்காட்டின் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அந்தச் சூடு கிருமிகளுக்குப் போதும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. கொதிக்க வைக்கச் சோம்பலான வீடுகளுக்கு, ஈர்ப்பு விசையிலேயே இயங்கும், நுண்துளைச் சவ்வால் கிருமிகளைத் தடுக்கும் யு.எஃப். வடிகட்டி மாற்று வழி.

கேள்வி: எங்கள் ஊர்க் கிணற்று நீரில் ஃப்ளூரைடு 2.4 என்று அறிக்கை வந்துள்ளது. காய்ச்சிச் செம்புக் குடத்தில் வைத்தால் சரியாகுமா? சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.
– வாசகர், ஓமலூர் வட்டம்

பதில்: ஆகாது. காய்ச்சினால் நீர் ஆவியாகிக் குறையும். ஃப்ளூரைடு அப்படியே தங்குவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். செம்புக் குடத்துக்கும் ஃப்ளூரைடுக்கும் தொடர்பில்லை. இங்கே ஆர்.ஓ. தேவை, அல்லது கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டி வேண்டும், அதைக் குறித்த காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். முளைக்கும் பற்களைத்தான் ஃப்ளூரைடு கறைப்படுத்துகிறது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குடிக்க மட்டுமன்றிச் சோறு வடிக்கவும் பால் மாவு கரைக்கவும் நல்ல நீரையே பயன்படுத்துங்கள். ஊரில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருமானால், கருவி வாங்கும் முன் அந்த நீரைப் பரிசோதித்துப் பாருங்கள், பணம் மிச்சமாகக்கூடும்.

கேள்வி: ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ். 700 என்றால் வெளியேறுவது 900-க்கு மேல் இருக்கும். தொட்டிச் செடியில் அந்த உப்பு மண்ணிலேயே தங்கி, இலை ஓரம் கருகும். தரை துடைக்கவும், பாத்திரத்தை முதல் அலசு அலசவும், கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுக் குழாயின் முனை வாளி நீரில் அமிழாமல் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும்.