பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் பேச்சு ஏன் இப்படி ஒலிக்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61, வலது கைக்காரர். இரண்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்தன. இப்போது நடக்கிறார். நாங்கள் பேசுவது எல்லாம் புரிகிறது, எழுதவும் செய்கிறார். ஆனால் பேச்சு குழறுகிறது. போனில் கேட்பவர்கள் "குடித்திருக்கிறாரா?" என்கிறார்கள். தொண்டையில் கோளாறா? சரியாகுமா?

பதில்: புரிந்துகொள்கிறார், எழுதுகிறார் என்பதால் மொழி போகவில்லை. சொல்லை ஒலியாக்கும் தசைகளுக்கு மூளையிலிருந்து வரும் கட்டளைதான் பலவீனமாகியிருக்கிறது. இதை டிசார்த்ரியா என்கிறோம். தொண்டையைவிட நாக்கையும் உதட்டையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

'கட்டை' என்று சொல்லிப் பாருங்கள். 'ட்ட' வரும் இடத்தில் நாக்கு மேலண்ணத்தை இறுக அடைக்க, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சத்தமே இல்லை. ஒலி வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். நாக்கு பலவீனமானால் அடைப்பு முழுமையாகாது, காற்று கசியும், அந்த அமைதி நிரம்பிவிடும். 'கட்டை' 'கடை' ஆகிவிடுகிறது. உயிரெழுத்துகளுக்கும் இதே கதி: நாக்கு முன்னும் பின்னும் போதிய தூரம் நகராததால் இ, உ, ஆ மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி மங்குகின்றன. நாக்கை வளைத்துச் சொல்ல வேண்டிய ழ, ள சொல்லவே வேண்டாம். இடது கை, கால் விழுந்ததால் பாதிப்பு மூளையின் வலது பக்கத்தில்; அதில் குரலின் ஏற்ற இறக்கமும் தட்டையாகலாம். "சாப்பிட்டியா?" என்பது கேள்வியாகவே ஒலிக்காது.

போனில் மோசமாகக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பழைய வகை போன் இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலி அதிர்வின் அளவு) வரைதான் கடத்தும். 'ஸ' போன்ற ஒலிகளின் சீறல் அதற்கு மேலே இருக்கிறது. நேரில் அதோடு உதட்டசைவும் உதவும். முக்கியமான விஷயங்களை வீடியோ காலில் பேசச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள். மூச்சை நிறைய இழுத்து 'ஆ' என்று நீட்டச் சொல்லுங்கள். 10 நொடிக்குக் கீழே நின்றாலோ குரல் கரகரத்தாலோ காற்றாகக் கசிந்தாலோ, அப்போது தொண்டையையும் காட்ட வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல் நாண்களைப் பார்ப்பார். அடுத்து 'ப ப ப' என வேகமாக. நொடிக்கு 5, 6 முறை வருவது இயல்பு. பிறகு மூக்கின் கீழ் சிறு கண்ணாடி பிடித்து "அப்பா கடைக்குப் போ" என்று சொல்லச் சொல்லுங்கள். இதில் மூக்கொலி எழுத்தே இல்லை. கண்ணாடியில் ஆவி படிந்தால் மென்னண்ணம் (மேலண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதி) மூக்குக்குப் போகும் வழியைச் சரியாக மூடவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

பயிற்சியில் மெதுவாகப் பேசுவதே முதல் மருந்து. ஒவ்வோர் அசைக்கும் விரலால் மேசையில் ஒரு தட்டு, ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொல், இரட்டை எழுத்துகளை வேண்டுமென்றே மிகையாக அழுத்துதல். 10 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. பலூன் ஊதுவதையும் நாக்கை வெளியே நீட்டி ஆட்டுவதையும் எல்லாரும் சொல்வார்கள். அவற்றால் பேச்சு தெளிவாகும் என்பதற்கு ஆதாரம் குறைவு. பேச்சுக்குப் பேசித்தான் பழக வேண்டும். வசம்பு, தேன் எதையும் நாக்கில் தடவ வேண்டாம்.

ஒரு பக்க பாதிப்பால் வரும் குழறல் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நன்றாகக் குறையும். வாரம் ஒரு நாள் மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, ஒரே பத்தியைப் பதிவு செய்யுங்கள். தினமும் கேட்கும் காதுக்கு மாற்றம் தெரியாது, பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும்.

தண்ணீர் குடித்தபின் குரல் கொரகொரவென்று ஈரமாக ஒலித்தால் அது பேச்சுப் பிரச்சினை இல்லை. தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று அர்த்தம், நிமோனியா வரலாம். விழுங்குதல் சோதனை முடியும்வரை, வெறும் தண்ணீர் தராமல் மருத்துவரிடம் கேளுங்கள். தேறி வந்த பேச்சு திடீரென மீண்டும் குழறினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம்.