கோவிட், காய்ச்சல், அடைபட்ட தமனி: ரத்தநாள அறுவை மருத்துவர் பதில்கள்

கேள்வி: கோவிட் நுரையீரலைத்தானே தாக்குகிறது? காலில் ஏன் ரத்தம் உறைகிறது?

பதில்: ரத்தக்குழாயின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அது நலமாக இருக்கும்வரை ரத்தம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். தொற்று முற்றும்போது வரம்பு மீறிய அழற்சி அந்தச் சுவரைப் புண்ணாக்குகிறது. புண்ணான இடத்தில் தட்டணுக்கள் குவிகின்றன; கல்லீரலும் உறைய வைக்கும் புரதங்களை அள்ளி இறைக்கிறது. இது காலோடு நிற்பதில்லை. மூளைத் தமனி அடைபட்டுப் பக்கவாதத்துடன் வந்த 50 வயதுக்குட்பட்ட ஐந்து பேரை, 2020 வசந்தத்தில், இரண்டே வாரத்தில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் பார்த்தார்கள். ஐவருக்கும் கோவிட்.

கேள்வி: சிரையில் ரத்தம் கட்டுவதும் தமனியில் கட்டுவதும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் வடிகால் மாதிரி. அடைத்தால் கால் வீங்கிக் கனக்கும். கோவிட்டில் அதிகம் வந்தது இதுதான். தமனி, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் பாசன வாய்க்கால்; அடைத்தால் கடைமடை காயும். கால் வெளுக்கும், சில்லிடும், கடுமையாக வலிக்கும், பிறகு மரத்துப்போகும். வலி நின்றதே என்று மகிழாதீர்கள். நரம்பு சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: அப்பா கோவிட்டிலிருந்து தேறி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் கால் சில்லிட்டது. தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். மறுநாள் கொண்டுபோனபோது காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தவறா?

பதில்: இல்லை அம்மா. சில்லிட்ட காலுக்குச் சூடு கொடுக்கத்தான் எந்தக் கைக்கும் தோன்றும். வீட்டுக்கு அனுப்பியவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு உண்டு. ரத்தம் அடியோடு நின்றால் தசை தாங்குவது ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதற்குள் வந்தால், தொடை இடுக்கில் சிறிதாகக் கீறி, நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயைச் செலுத்தி, உறைவுக்கு அப்பால் பலூனை ஊதி இழுத்தால், கருஞ்சிவப்புப் புழு போல அது வெளியே வரும். அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் தந்த உத்தி. இன்றும் அதுவே கைகொடுக்கிறது. உணர்வு மங்கிய காலில் வெந்நீர் வைத்தால் தோல் வெந்துபோவதும் தெரியாது என்பதை மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டி-டைமர் பரிசோதனையில் முன்பே தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. ரத்த உறைவு கரையும்போது சிதறும் புரதத் துணுக்கைத்தான் அது அளக்கிறது. அந்த அளவு காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் முதுமையிலும்கூட உயரும்.

கேள்வி: காய்ச்சல் வந்ததும் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால்?

பதில்: வேண்டவே வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவில் முடியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைக்கூடக் கணக்குப் பார்த்தே தருகிறோம். 2021-இல் வெளியான சோதனைகளில் முழு அளவு ஹெப்பாரின் மிதமான கோவிட் நோயாளிகளுக்கு உதவியது; தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு உதவவில்லை.

கேள்வி: சாதாரண ஃப்ளூவிலும் இந்த ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியிருந்தது.

கேள்வி: சர்க்கரை நோயால் என் பாதம் ஏற்கெனவே மரத்திருக்கிறது. நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உணர்வை நம்பாமல் நிறத்தையும் குளிர்ச்சியையும் பாருங்கள், இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். புறங்காலின் நடுவில் இரண்டு விரல்களை லேசாக வைத்தால் நாடி துடிக்கும். சிலருக்கு அங்கே பிறவியிலேயே தட்டுப்படாது. உள்கணுக்காலின் பின்புறம் தேடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். வார்டில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.