ஒத்திகைக்குப் பிந்தைய குழுக் கலந்துரையாடலை எப்படி வழிநடத்துவது? அது பயன்பட்டதா என்பதை எப்படி மதிப்பிடுவது?

பிரசவத்துக்குப் பின் ஏற்படும் மிகை இரத்தப்போக்கைக் கையாளும் ஒத்திகையைச் செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பொம்மையைக் கட்டிலில் கிடத்திச் செய்யும் ஒத்திகைக்குப் பதினைந்து நிமிடம். பிறகு வட்டமாக அமர்ந்து பேசும் டீப்ரீஃபிங்குக்கு முப்பது நிமிடம். அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் நான் குறித்துவைத்த பிழைகளை வரிசையாக வாசித்தேன். எல்லோரும் தலையசைத்தார்கள், அடுத்த மாதம் அதே பிழைகள் திரும்பின. ஒருவர் என்ன செய்தார் என்பதை மட்டும் பேசிவிட்டு, ஏன் அப்படிச் செய்தார் என்பதைக் கேளாமல் விட்டதே காரணம் என்பது பின்னர்தான் புரிந்தது. போஸ்டனைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் விளக்கிய முறை இதற்குப் பெரிதும் உதவியது: கண்டதைச் சொல்ல வேண்டும், அதைப் பற்றி நமக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அதன்பின் அவருடைய எண்ணத்தை உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்க வேண்டும்.

ஒருமுறை விரிப்பு முழுவதும் நனைந்ததைப் பார்த்த செவிலியர் ஒருவர் எதுவும் பேசாமல் நின்றார். "சிஸ்டர், நீங்கள் விரிப்பைப் பார்த்ததைக் கவனித்தேன். இரத்தம் 500 மில்லிலிட்டரைத் தாண்டிவிட்டது என்று எனக்குத் தோன்றியதால், யாரும் அளவைச் சொல்லாதது கவலையாக இருந்தது. அப்போது உங்கள் மனத்தில் என்ன ஓடியது?" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். அந்த மௌனத்தை நாமே பேசி நிரப்பிவிடாமல் காத்திருப்பதுதான் வழிநடத்துபவருக்கு மிகக் கடினமான வேலை. பிறகு அவர் சொன்னார்: "டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார், அவரும் பார்த்திருப்பார், நான் சொன்னால் அவருக்குத் தெரியாததுபோல் ஆகிவிடுமே என்று நினைத்தேன், மேடம்." அந்த மருத்துவரோ, கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்ததால் விரிப்பின் பக்கமே திரும்பவில்லை என்றார். இரத்தப்போக்கின் அளவை அறியாமல் இருந்தது அங்கே சிக்கல் அன்று. அறிந்தவர் வாய் திறக்கத் தயங்கியதே சிக்கல். பார்த்தவர் அளவை உரக்கச் சொல்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இப்படிப் பேசத் துணிவு வர வேண்டுமானால், இங்கே பேசுவது பணிமதிப்பீட்டுக்குப் போகாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். மூத்த மருத்துவர் இருந்தால் அவரைக் கடைசியில் பேசுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். (உண்மையில் ஒரு தாய் இறந்துபோன நாளில் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். துயர நிகழ்வுக்கு உள்ளானவர்களை ஒரே அமர்வில் அமர்த்தி நடந்ததை மீண்டும் விவரிக்கச் செய்யும் உளவியல் டீப்ரீஃபிங்கை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.)

கலந்துரையாடல் எப்படி நடந்தது என்பதை மதிப்பிட ஆயத்தக் கருவிகள் உண்டு. போஸ்டனில் உருவான 'டேஷ்' (DASH) என்ற மதிப்பீட்டுப் படிவம் ஆறு கூறுகளை ஏழு புள்ளி அளவுகோலிலும், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான 'ஓசாட்' (OSAD) என்ற படிவம் எட்டுக் கூறுகளை ஐந்து புள்ளி அளவுகோலிலும் மதிப்பிடுகின்றன. சக பயிற்றுநர் ஒருவரை அமர்த்தி மதிப்பெண் போடச் சொல்வது நல்லது. அதைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது ஓர் எளிய வட்டப்படம்: அமர்ந்திருப்பவர்களைப் புள்ளிகளாக வரைந்து, யாரைப் பார்த்து யார் பேசினாலும் ஒரு கோடு போடச் சொல்வேன். எல்லாக் கோடுகளும் என்னிடம் வந்து சேர்ந்தால் நடந்தது வகுப்பு; அவர்களுக்கிடையே கோடுகள் ஓடினால்தான் கலந்துரையாடல். "நன்றாக இருந்தது" என்ற கருத்துப் படிவங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முடிவான சான்று அடுத்த ஒத்திகையில்தான் கிடைக்கும். ஒரு மாதம் கழித்து அதே குழுவில், முதல்முறை வாயே திறக்காத இன்னொரு செவிலியர் விரிப்பைப் பார்த்து "அறுநூறு" என்று குரல் கொடுத்தார். மருத்துவர் தலை நிமிராமலே "அறுநூறு" என்று திருப்பிச் சொன்னார்.