முருகைக்கல்லும் சட்டமும்: கேட்டவையும் சொன்னவையும்

சிலாவத்துறை வாசகர்: செத்த முருகைக்கல்லை வீட்டு அத்திவாரத்துக்கு எடுக்கலாமா ஐயா? உயிர் இல்லையே.

பதில்: கூடாது. இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்துக்குள் முருகைக்கல்லை அகழ்வது, பொறுக்குவது, வைத்திருப்பது, ஏற்றுவது, சூளையில் சுடுவது எல்லாவற்றையும் தடுக்கிறது. தரைப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர், அதுதான் வலயம். உயிர் இருக்கிறதா என்று சட்டம் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. கடலடியில் கிடக்கும் செத்த கல்லை உற்றுப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஒரு பாசி ஓடுபோல் படிந்திருக்கும். மிதந்து வரும் முருகைக் குடம்பிகள் பல அதன்மேல்தான் ஒட்டிக் குடியேறும்.

வவுனியா மாணவி: அமெரிக்காவில் முருகையின் வாழிடத்துக்கே தனிப் பாதுகாப்பு உண்டாமே?

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. கரீபியக் கடலின் இரண்டு கொம்பு முருகை இனங்களை 2006இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்து, 2008இல் அவற்றுக்கு இன்றியமையாத வாழிடத்தையும் வரையறுத்தார்கள். அதில் புல்போல் மண்டும் பாசியும் வண்டலும் மூடாத கடினத் தளத்தோடு செத்த முருகையின் கூட்டையும் சேர்த்தே எழுதினார்கள். ஆனால் அந்த ஏற்பாடு கட்டுப்படுத்துவது மத்திய அரசு செய்யும், பணம் கொடுக்கும், அனுமதிக்கும் வேலைகளை மட்டுமே. இங்கே கல்முருகை இனங்கள் வனசீவராசிகள் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. இடத்துக்குக் காப்பு வேண்டுமென்றால் வர்த்தமானியில் பிரகடனம் வேண்டும்.

வங்காலை வாசகர்: அப்படியானால் சரணாலயத்தோடு எங்கள் முருகைக்கல் பாரும் காப்பாற்றப்பட்டதுதானே?

பதில்: பெயரை வைத்து முடிவுகட்டாதீர்கள். 2008இல் பிரகடனமான அந்தச் சரணாலயம் பூநாரைக்கும் ஊசிவால் வாத்துக்கும் பேர்போனது. எல்லையை வர்த்தமானியின் அட்டவணையில் பாருங்கள். முகநூல் வரைபடத்தை நம்பவேண்டாம்.

மன்னார் வாசகர்: மீன்தொட்டிக்கு ஒரு சிறு துண்டு?

பதில்: கூடாது.

பேசாலைத் தொழிலாளி: எங்களுக்குச் சட்டம் பேசுகிறீர்கள். இழுவைப்படகுக்கு யார் பேசுவது?

பதில்: 2017இல் இழுவைமடியை, அதாவது கடலடியை உரசி இழுக்கும் வலையை, நமது நாடாளுமன்றமே தடைசெய்தது. அக்கரையில், இந்தியாவில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடல் எல்லைக் கோட்டின் இருபுறமும் சட்டம் இருக்கிறது.

பேசாலைத் தொழிலாளி: இருந்து என்ன? அக்கரை இழுவைக்காரர் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறார்கள். பிடிபடுவது நாங்கள்தான்.

தலைமன்னார் வாசகர்: மீன்பிடிக்க டைனமைட் போடுவது எந்த நாட்டுக்காரன் அண்ணை? நம்மவன் இல்லையா?

பேசாலைத் தொழிலாளி: நாலு பேருக்காக ஊரையே சேர்க்காதீர்கள்.

பதில்: இருவர் சொல்வதும் நடக்கிறது. வெடி அந்த இடத்துப் பாரை நொறுக்குகிறது. இழுவைமடி அடிமண்ணைக் கிளப்பி, தான் தொடாத பாரின் மேலும் வண்டலைப் படியவைக்கிறது. என்னைக் கேட்டால் இழுவையின் கேடுதான் பெரிது. அதற்காக வெடிக்காரனை மறைத்தால், இழுவைக்கு எதிராக நீங்கள் கொடுக்கும் முறைப்பாட்டை யார் மதிப்பார்கள்?

முள்ளிக்குளம் வாசகர்: ஆதாம் பாலத்துப் பூங்காவுக்குள் போகலாமா?

பதில்: 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு போங்கள். எல்லை? வர்த்தமானி. முகநூல் அல்ல.

முல்லைத்தீவு வாசகர்: அலங்காரத்துக்கு ஒரு சிறிய...

பதில்: மீன்தொட்டிக்காரருக்குச் சொன்னதுதான்.