பாதி அளவு போதுமா? வீட்டுச் செலவுப் பொருள்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். சலவைத்தூள் மாதக் கடைசி வரை வருவதே இல்லை. அளவைக் குறைத்தால் அழுக்குப் போகாதோ என்று தயக்கமாக இருக்கிறது, அம்மா.

பதில்: நுரை பொங்கினால்தான் துணி வெளுக்கும் என்று நாம் நம்பிப் பழகியதால் வருகிற தயக்கம் இது. அழுக்கை எடுப்பவை நீரில் கரைந்த சலவைப் பொருளும், துணி ஊறும் நேரமும், துணியோடு துணி உரசுவதும்தான். இயந்திரத்தில் நுரை அளவு மீறினால் அந்த உரசலே குறைந்துபோகும். அலசிய பிறகும் தூள் இழைகளில் தங்குவதால், துண்டு விறைத்துப்போய் ஈரத்தை உறிஞ்ச மறுக்கும். துவைத்து உலர்ந்த துண்டு ஒன்றை வெறும் தண்ணீரில் நனைத்துக் கசக்கிப் பாருங்கள். நுரை வந்தால், சென்ற முறை போட்ட தூளில் ஒரு பகுதி இன்னும் துணியிலேயே இருக்கிறது. இந்த வாரம் முக்கால் பங்கு, அடுத்த வாரம் பாதி என்று இறங்கி, கழுத்துப்பட்டையில் அழுக்கு நிற்கத் தொடங்கும்போது ஒரு படி மேலேறி அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தூளை அள்ள எப்போதும் ஒரே கரண்டியை வைத்துக்கொள்வது அவசியம். கையால் அள்ளினால் அளவு தெரியாது.

கேள்வி: எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். பாதி போட்டால் நுரையே எழவில்லை.

பதில்: அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதியாக இருக்கும். எண்ணெயில் காய்ச்சிய சோப்பு முதலில் அவற்றோடு சேர்ந்து வெண்படிவமாகத் திரிந்து வீணாகிறது. மீதமிருப்பதுதான் துணிக்குப் பயன்படும். ஆகவே மேலே சொன்ன பாதிக் கணக்கை நீங்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். இத்தகைய நீரில் சோப்பைவிடச் சலவைத்தூளே சிக்கனமானது. மழைநீரைச் சேமித்து வைத்திருந்தால் அதில் துவைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: பற்பசையை எவ்வளவு எடுக்க வேண்டும்?

பதில்: விளம்பரங்களில் காட்டுவதுபோல் தூரிகையின் நீளம் முழுவதும் பிதுக்க வேண்டியதில்லை, பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கும் அதைத் தாண்டக் கூடாது. 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓர் அரிசி அளவுதான். குழந்தைகள் பசையை விழுங்கிவிடுவார்கள் என்பதால், அவர்கள் விஷயத்தில் இது பணத்தைவிட உடல்நலம் சார்ந்த கணக்கு.

கேள்வி: பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கட்டி மிக வேகமாகக் கரைந்துவிடுகிறது.

பதில்: அது தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் கிடக்கும். துளையிட்ட தட்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ப்ளீச்சிங் பவுடரையும் கழிவறைத் திரவத்தையும்கூட இப்படிக் குறைக்கலாமா?

பதில்: கிருமிநாசினியின் செறிவைக் குறைக்காதீர்கள், உறையில் குறிப்பிட்ட அளவும், ஊறவிடச் சொல்லும் நேரமும் சேர்ந்தால்தான் கிருமி சாகும், நீர்த்துப்போனதை ஊற்றுவது பணத்தைச் சாக்கடையில் விடுவதற்குச் சமம். அன்றாடம் தரை துடைக்கச் சோப்பு நீரே போதும் என்பதால், எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பதை வேண்டுமானால் குறைக்கலாம். மற்றொன்றையும் கவலையோடு சொல்கிறேன்: மிச்சம் வீணாகக் கூடாதென்று இரண்டு புட்டிகளின் அடியில் இருப்பதை ஒன்றாகக் கலந்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ப்ளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். அந்த மிச்சங்களைத் தனித்தனியாகவே தீர்த்துவிடுங்கள்.