கால் கறுப்பா, சேறா?

கேள்வி: ஜனவரியில் கோடியக்கரை உப்பளத்து ஓரச் சேற்றில், சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவைக் கூட்டத்தைப் பார்த்தேன். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, கால் கறுப்பு. ஓயாமல் கொத்தியபடி ஓடின. கைப்பேசிச் செயலி உப்புக்கொத்தி என்கிறது. உடன் வந்த வழிகாட்டி, அபூர்வமான கரண்டிவாய் உள்ளான் என்று கூடுதல் பணம் வாங்கினார். எது சரி?

பதில்: இரண்டுமே இல்லை. அது கொசு உள்ளான். ஆர்க்டிக் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருவது.

நிறத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கையேடுகளில் பளிச்சென்று இருக்கும் செம்பழுப்பு முதுகு, அதன் இனப்பெருக்க கால உடை. ஜனவரியில் நம் சேற்றில் நிற்கும் சிறு உள்ளான்கள் சாம்பலும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். நாம் இங்கே காணும் குளிர்காலத் தோற்றத்தைத் தகவல் பலகைகளில் வரைய இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ!

இரை தேடும் விதம்தான் காட்டிக்கொடுக்கும். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், பெரிய கண்ணால் நோட்டமிடும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். கொசு உள்ளானுக்கு அந்த நிதானம் கிடையாது. தவிட்டைக் கண்ட கோழிக்குஞ்சு போலத் தலை நிமிராமல் மேற்சேற்றைக் கொத்திக்கொண்டே போகும்.

காலில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கொசு உள்ளானின் கால் கறுப்பு; இதே அளவுள்ள இன்னொரு பறவையான டெம்மிங்க் உள்ளானின் கால் மஞ்சள் கலந்த பச்சை. சேறு அப்பினால் அதுவும் கறுப்பாகத் தெரியும். பறவை தண்ணீரில் இறங்கி ஏறும்வரை பொறுத்திருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஐயம் தீராவிட்டால் வாலைக் கவனியுங்கள்: பறக்கும்போது டெம்மிங்கின் வால் ஓரம் வெள்ளையாகத் தெரியும், கொசு உள்ளானுக்குச் சாம்பல். டெம்மிங்க் பதுங்கிப் பதுங்கி மெல்ல நகரும். நன்னீர்க் குட்டை ஓரங்களையே அதிகம் நாடும். உங்கள் பறவைகள் கூட்டமாக உப்பளத்தில் ஓடியிருக்கின்றன. ஆகவே அந்தக் கறுப்பு சேறல்ல.

வழிகாட்டி விஷயம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. கரண்டிவாய் உள்ளான் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. கோடியக்கரையில் முன்பு பதிவானது உண்மை. அந்தப் பழைய பதிவை வைத்துத்தான் இந்த வியாபாரம். நேர் எதிரே நின்று பார்த்தால் அலகின் நுனி கரண்டியாய் விரிந்திருக்க வேண்டும். அதைத் தொலைநோக்கியில் காட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கலைப்பவர்களும் இருக்கிறார்கள். கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள சிற்றுயிர்; அதை இரை தேட விடாமல் விரட்டக் கூடாது. வழிகாட்டி கல்லெடுத்தால் அங்கேயே உங்கள் பயணத்தை நிறுத்திவிட்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.