பயிற்றங்கொடியில் ஊரும் கறுப்புப் புழுவுக்கு மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, அச்சுவேலியில் இரண்டு பரப்பில் பயிற்றை போட்டிருக்கிறேன். குருத்திலும் பிஞ்சிலும் கறுப்பு அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) அப்பிப்போய் இருக்கிறது. அதற்குள்ளேயே செம்மஞ்சள் அடையாளம் உள்ள கறுப்புப் புழுவும் ஊர்கிறது. பக்கத்துப் பாத்தியில் கத்தரி இலைகள் நரம்பு மட்டும் மிஞ்ச அரிபட்டுக் கிடக்கின்றன. அதில் புள்ளி வண்டு நிற்கிறது. பயிற்றையிலும் அதைப்போல வண்டுகள் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தை அடிக்கலாமா?

பதில்: தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பயிற்றையில் முதலைக்குட்டி போல நீண்டு ஊரும் அந்தப் புழு, பொறிவண்டின் குஞ்சு. அது இலையைத் தின்ன வரவில்லை, அழுக்கணவனைத் தின்ன வந்திருக்கிறது. சந்தேகமென்றால் ஒரு புழுவை அழுக்கணவன் உள்ள குருத்தோடு போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்து, அடுத்த நாள் பாருங்கள்.

கன பேர் வண்டைக் கண்டால் விட்டுவிடுவார்கள், புழுவைக் கண்டால்தான் மருந்தோடு ஓடுவார்கள். ஆனால் வளருகிற வயதில் புழுவுக்குத்தான் பசி அதிகம்.

மருந்து அடித்தால் நடப்பது இதுதான். அழுக்கணவனும் சாகும், பொறிவண்டும் சாகும். ஆனால் சுருண்ட இலைக்குள் மருந்து படாமல் தப்பிய சில அழுக்கணவன்களே போதும். அவை ஆண் துணை இல்லாமலே நேராகக் குஞ்சு போடும். பொறிவண்டு அப்படியல்ல. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து வண்டாக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அதற்குள் கொடி திரும்பவும் கறுத்துவிடும்.

அதனால் பயிற்றையில் மோசமாக அப்பிய குருத்துகளை மட்டும் கிள்ளி, அவற்றில் புழு நின்றால் வேறு கொடியில் விட்டுவிட்டு, குருத்தை மண்ணில் புதையுங்கள். அப்படியும் பெருகினால், பொறிவண்டு இல்லாத கொடிகளுக்கு மட்டும் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் சவர்க்காரத் திரவம் கலந்து பின்னேரத்தில் அடியுங்கள். முதலில் இரண்டு கொடியில் அடித்து, இலை கருகுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எறும்பு வரிசையாக ஏறினால் அதையும் கவனியுங்கள். அழுக்கணவன் விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று, பொறிவண்டைத் துரத்தும்.

ஒன்றை மட்டும் பொறிவண்டால் மாற்ற முடியாது. இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப்பட்டுச் சுருங்கிய கொடி வைரசு பட்டது. அதைப் பிடுங்கி எடுத்துவிட வேண்டியதுதான்.

வேலியோரத்தில் எருக்கலை நின்றால் வெட்டாதீர்கள். அதில் மொய்க்கும் மஞ்சள் அழுக்கணவன் உங்கள் பயிற்றைக்கு வராது, ஆனால் பொறிவண்டுக்கு அதுதான் சாப்பாடு. தோட்டத்தில் இரை இல்லாத நாட்களில் அங்கே தங்கிப் பெருகும். அடுத்த போகத்துக்குத் தறையின் ஓரத்தில் ஒரு வரிசை சோளமும் போட்டுப் பாருங்கள்.

இனிக் கத்தரி. அங்கே நிற்பது எபிலக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்னி. பயிற்றையில் நிற்கும் வண்டின் முதுகு பளபளப்பாக இருக்கும். எபிலக்னா மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும், புள்ளிகளும் நிறைய, சிலதில் 28 வரை. அதன் புழு மஞ்சளாக, உடம்பு முழுக்கக் கிளைவிட்ட முள்ளோடு, இலையின் கீழ்ப்பக்கம் ஒட்டிக் கிடக்கும். இதைக் கண்டால் இரக்கம் வேண்டாம். வெயில் ஏறமுதல், விடிய வண்டு மந்தமாக நிற்கும்போது பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்; முட்டைக் குவியலும் புழுவும் உள்ள இலையைக் கிள்ளி எரியுங்கள். இரண்டு பரப்புத் தோட்டத்துக்கு இது கையால் முடிகிற வேலை. பாத்தி ஓரத்தில் மணத்தக்காளி முளைத்திருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள், அங்கேயும் நிற்கும். பாகல் போட்டிருந்தால் அதன் இலையிலும் தேடுங்கள்.